விழப் போனவனைப் பிடித்தது யார்? சமநிலையும் அசைவும் மூளையின் வேலை என்று சிறு பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் வழி

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பழைய கடை வரிசைகளின் முன்னால் போகும் ஐந்தடிப் பாதை ஒரே மட்டமாக இருக்காது. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே ஒரு சின்னப் படி ஏறும், இன்னொன்று இறங்கும். பொங்கலுக்கு முந்திய வாரம் எங்கள் பாலர் பள்ளிப் பிள்ளைகளை அந்த வழியாக வரிசையில் கூட்டிப் போனேன். எனக்கு முன்னால் போன ஆறு வயதுப் பையன் அடுக்கி வைத்திருந்த பானைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தான். தெரியாத படியில் கால் வைத்துவிட்டான். உடம்பு முன்னால் சாய்ந்தது, இரண்டு கைகளும் விரிந்தன, இடது கால் வழக்கத்தைவிட ஓர் எட்டு கூடுதலாகப் போய் ஊன்றியது. நின்றுவிட்டான்.

"யாருடா உன்னைப் பிடிச்சது?" என்றேன்.

"யாரும் பிடிக்கல டீச்சர். நானே நின்னுக்கிட்டேன்."

"நீ நினைச்சுப் பண்ணினியா?"

கொஞ்சம் யோசித்தான். "இல்ல. அதுவா நின்னுச்சு."

அந்த 'அது' யார் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வைப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வீட்டுக் கூடத்திலேயே எல்லாவற்றையும் செய்துவிடலாம். ஐந்து முதல் எட்டு வயது வரை பொருந்தும். நாளுக்கு இருபது நிமிடம், வாரத்துக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால் மூன்று வாரத்தில் முடியும். அவசரப்பட வேண்டாம்.

நான் முதலில் இதைக் கற்றுக்கொடுத்த ஆண்டுகளில் மூளைப் படத்தோடு தொடங்கினேன். பிள்ளைகள் அழகாக வண்ணம் தீட்டினார்கள். அடுத்த வாரம் கேட்டபோது "மூளை ரோஸ் கலர்" என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. இப்போது படத்தை ஐந்தாவது படிவரை வெளியே எடுப்பதே இல்லை. முதலில் உடம்பு தடுமாற வேண்டும். "என்னமோ நடக்குதே" என்ற கேள்வி பிள்ளைக்குள் வர வேண்டும். அதற்குப் பிறகு சொல்லும் விடைதான் தங்கும்.

படி 1: ஒற்றைக் காலில் நில்

பிள்ளையை இரண்டு சுவர் சேரும் மூலையில் நிறுத்துங்கள். சாய்ந்தாலும் சுவர் தாங்கிக்கொள்ளும், அடிபடாது. செருப்பு, காலுறை வேண்டாம். ஒற்றைக் காலைத் தூக்கச் சொல்லி, நீங்கள் சத்தமாக எண்ணுங்கள். பிறகு அதையே கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். கண் திறந்திருக்கும்போது பத்துவரை நின்ற பிள்ளை, மூடியதும் இரண்டு மூன்றிலேயே காலை ஊன்றிவிடும்.

இப்போது தரையில் ஒரு தலையணை. அதன்மேல் இரண்டு காலாலும் நிற்கச் சொல்லுங்கள். தலையணை அமுங்குவதால் பாதத்துக்குத் தரை எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியாது. அங்கேயும் ஒருமுறை கண்ணை மூடட்டும். உடம்பு ஆடுவது நன்றாகத் தெரியும். ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் விழமாட்டார்கள். கண்ணும் இல்லை, காலும் சரியாகச் சொல்லவில்லை, அப்படியிருந்தும் நிற்கிறோமே, இன்னும் யாரோ மூளைக்குச் சொல்கிறார்கள் போலிருக்கிறதே? இந்தக் கேள்வியோடு அன்றைய பாடத்தை நிறுத்திவிடுங்கள். மறுநாள்வரை அவர்கள் யோசிக்கட்டும்.

விடையை நமக்குத் தமிழே எளிதாக்கித் தருகிறது: கண், காது, கால். மூன்றும் 'க' வரிசைக் குடும்பம், பிள்ளைகள் ஒருநாளும் மறப்பதில்லை. கண் சுற்றிலும் இருப்பதைப் பார்த்துச் சொல்கிறது. காதின் உட்பகுதி, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, சுழல்கிறது என்று சொல்கிறது. 'கால்' என்பதில் பாதத்தின் தோல், தசை, மூட்டு எல்லாம் அடக்கம். மூன்று செய்தியையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பது மூளை.

பெரியவர்களுக்கு ஒரு செய்தி. 1974-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் டேவிட் லீ என்ற உளவியலாளரும் அவரோடு பணியாற்றியவரும் ஓர் அறையைச் செய்தார்கள். தரை அசையாது, சுவர்களை மட்டும் நகர்த்தலாம். அப்போதுதான் நிற்கப் பழகிய குழந்தைகளை உள்ளே நிறுத்திச் சுவரை நகர்த்தியபோது, குழந்தைகள் ஆடினார்கள், சிலர் விழவும் செய்தார்கள். தரை அசையவே இல்லை. கண் சொன்னதை நம்பி உடம்பைத் திருத்தப் போய்த்தான் விழுந்தார்கள். சின்ன வயதில் கண்ணின் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. இருட்டில் கழிப்பறைக்குப் போகும் பிள்ளை சுவரைத் தொட்டுக்கொண்டே போவதற்குப் பயம் மட்டும் காரணமில்லை.

படி 2: காதுக்குள் தண்ணீர் வளையம்

இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட்வேர் கடையில் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் 60 சென்டிமீட்டர் நீளம் வாங்குங்கள். உள்துளை 12 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாய் சரிவராது. அதில் தண்ணீர் குழாயின் உட்சுவரோடு ஒட்டிக்கொண்டு சட்டென்று நின்றுவிடும், பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. கூடவே அந்தக் குழாய்க்குள் இறுக்கமாக நுழையும் ஒரு சின்னத் துண்டு. வீட்டிலிருந்து ஒரு சிட்டிகை சப்ஜா விதை. பண்டோங் தண்ணீரில் போட்டுக் குடிக்கும் பிஜி செலாசே தான் அது.

விதையைப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ஒவ்வொன்றும் கண்ணாடிச் சட்டை போட்டதுபோல் உப்பி வரும். வாளி நிறையத் தண்ணீர் வைத்து, குழாயை முழுக்க முக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். பத்துப் பதினைந்து விதைகளை உள்ளே விட்டு, தண்ணீருக்கு அடியிலேயே இரண்டு முனையையும் சின்னத் துண்டால் இணைத்துவிடுங்கள். வெளியே எடுத்துத் துடைத்து, இணைப்பின்மேல் நாடா சுற்றினால் வளையம் தயார். காற்றுக்குமிழி பெரிதாக இருந்தால் மறுபடி செய்யுங்கள். குமிழி இருந்தால் தண்ணீர் ஓடாது.

வளையத்தை ஒரு சுழல் நாற்காலியின் இருக்கையில் படுக்கவையுங்கள். மூன்று கட்டமாகக் காட்டுங்கள். முதலில் நாற்காலியை மெல்லக் கால்வாசி திருப்புங்கள். குழாய் நகர்ந்துவிடும், விதைகள் இருந்த இடத்திலேயே தங்கிப் பின்தங்கும். அடுத்து, ஒரே வேகத்தில் இருபது எண்ணும்வரை சுற்றுங்கள். விதைகளும் குழாயோடு சேர்ந்து சுற்றத் தொடங்கிவிடும். இப்போது நாற்காலியைப் பிடித்து நிறுத்துங்கள். நாற்காலி நின்றுவிடும், விதைகள் மட்டும் வளையத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த இடத்தில் என் வகுப்பில் எப்போதும் கூச்சல்தான். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்பார்கள். செய்யுங்கள்.

பிறகு சொல்லுங்கள்: "உன் ஒவ்வொரு காதுக்குள்ளேயும் இந்த மாதிரி மூணு குட்டி வளையம் இருக்கு. ஒண்ணு தலையை 'ஆமாம்'னு ஆட்டுறதைக் கண்டுபிடிக்கும். ஒண்ணு 'இல்லை'னு ஆட்டுறதை. இன்னொண்ணு தோள்பக்கம் சாய்க்கிறதை." மூன்றையும் பிள்ளைகள் தலையை ஆட்டிக் காட்டட்டும். உண்மையில் மூன்று வளையமும் சேர்ந்துதான் ஒவ்வோர் அசைவையும் அளக்கின்றன. ஆறு வயதுக்கு இப்படிப் பிரித்துச் சொல்வது போதும்.

அடுத்தது தட்டாமாலை. புல்தரையில், சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆன பிறகு, ஒருவர் ஒருவராக. ஐந்து சுற்று போதும். நிற்கும்போது பெரியவர் ஒருவர் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலிப்பு வந்த பிள்ளை, காதுவலி உள்ள பிள்ளை பார்வையாளராக இருக்கட்டும், எண்ணும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். சுற்றி நின்ற பிள்ளையின் கண்ணை மற்றவர்கள் அருகில் போய்ப் பார்க்கட்டும். கருவிழி ஒரு பக்கமாக மெல்ல நகர்ந்து, வெடுக்கென்று திரும்பும், மறுபடி நகரும். உடம்பு நின்ற பிறகும் காது "இன்னும் சுத்துறோம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. கண் அதை நம்பி ஓடுகிறது.

ஒரு நுட்பத்தை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. காதின் வளையங்கள் மிகச் சிறியவை, குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதற்குள் இருக்கும் திரவம் நம் ஹோஸ் தண்ணீர்போல் நெடுநேரம் ஓடுவதில்லை. ஒவ்வொரு வளையத்திலும் ஒரு மெல்லிய ஜவ்வுத் தடுப்பு உண்டு, அதில் நுண்ணிய மயிரிழைகள் புதைந்திருக்கும். திரவம் தள்ளும்போது தடுப்பு வளைகிறது, மயிரிழைகள் நரம்புக்குச் செய்தி அனுப்புகின்றன. வளைந்த தடுப்பு நிமிரச் சில நொடிகள் பிடிக்கின்றன. தலைசுற்றல் தொடர்வதற்கு அது ஒரு காரணம், அந்தச் செய்தியை மூளை இன்னும் சிறிது நேரம் பிடித்து வைத்திருப்பது இன்னொரு காரணம்.

இதைப் புரியவைத்தவர்களில் ராபர்ட் பாரனி என்ற வியன்னா மருத்துவர் முக்கியமானவர். காதைக் கழுவும் தண்ணீர் அதிகக் குளிர்ச்சியாகவோ சூடாகவோ இருந்தால் நோயாளிகள் தலைசுற்றுகிறது என்று சொல்வதைக் கவனித்தார். திரவத்தில் வெப்பம் மாறினால் அது நகர்கிறது, மூளை அதைச் சுழற்சி என்று எடுத்துக்கொள்கிறது என்று கண்டார். 1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதி. வீட்டில் பிள்ளைக்குக் காதுச் சொட்டு மருந்து விடுவதற்கு முன் பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருக்கச் சொல்வதும் இதனால்தான்.

இனி காதுக்குள் இருக்கும் கல். சந்தையில் கெலாமா மீன் ஒன்று வாங்கி, தலையை வேகவைத்து, கவனமாகப் பிரித்துப் பாருங்கள். மூளைப் பகுதியின் இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று ஒவ்வொரு கல் கிடைக்கும். குழம்பில் பல்லில் பட்டு எத்தனையோ பேர் துப்பியிருப்போம். மீனின் காதுக்கல் அது. கலங்கிய தண்ணீரிலும் மேல் எது கீழ் எது என்று மீனுக்குத் தெரிவதற்கு அது உதவுகிறது. நம் காதுக்குள்ளும் அதே சுண்ணாம்புப் பொருள்தான், தூள்போல் பொடிப்பொடியாக ஒரு ஜவ்வின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலை சாய்ந்தால் பாரம் அந்தப் பக்கம் இழுக்கிறது. லிப்ட் கிளம்பும்போது கண்ணை மூடிக்கொண்டாலும் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று பிள்ளை சொல்லிவிடுகிறதல்லவா, அந்தத் தூள்தான் சொல்லிக்கொடுக்கிறது. பினாங்கில் பிளாட் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தினசரிச் சோதனை.

படி 3: கால் சொல்லும் சேதி

கண்ணை மூடச் சொல்லி, பிள்ளையின் வலது கையை நீங்கள் ஒரு கோணத்தில் மடக்கி வையுங்கள். இடது கையால் அதே வடிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் இரண்டு கையும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். பார்க்காமல் எப்படித் தெரிந்தது? தசைக்குள் நூல் நூற்கும் கதிர் வடிவில் நுண்ணிய உணரிகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று அவை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். பரதநாட்டிய வகுப்புக்குப் போகும் பிள்ளை இருந்தால் முன்னால் நிறுத்தி அரைமண்டி போடச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டே முழங்காலைச் சரியான இடத்தில் வைக்கும். மற்றவர்கள் அசந்துபோவார்கள்.

படி 4: கண் எங்கே பார்க்கிறது

ஓர் அட்டையில் பெரிதாக 'அ' எழுதி, முகத்துக்கு முன் ஒரு முழம் தள்ளிப் பிடித்து வேகமாக இடவலமாக ஆட்டுங்கள். எழுத்து இழுபட்டுக் கலங்கும். இப்போது அட்டையை அசையாமல் பிடித்து, பிள்ளை தன் தலையை அதே வேகத்தில் ஆட்டட்டும். எழுத்து தெளிவாகவே இருக்கும். தலை வலப்பக்கம் திரும்பினால் காது உடனே கண்ணுக்குச் சொல்லி, கண்ணை அதே அளவு இடப்பக்கம் திருப்பிவிடுகிறது. ஒரு நொடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் இது முடிந்துவிடும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை கோயிலின் 500-க்கும் மேற்பட்ட படிகளைப் பால்குடம் தலையில் ஏந்தி ஏறுகிறவர்களுக்கு, ஒவ்வொரு எட்டிலும் தலை குலுங்கினாலும் அடுத்த படி தெளிவாகத் தெரிவது இந்த ஏற்பாட்டால்தான்.

விளக்குமாற்றுக் கட்டையை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தும் விளையாட்டு பிள்ளைகளுக்குத் தெரியும். கையைப் பார்த்துக்கொண்டு ஒருமுறை, கட்டையின் உச்சியைப் பார்த்துக்கொண்டு ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். உச்சியைப் பார்த்தால் நெடுநேரம் நிற்கும். சாய்வு முதலில் பெரிதாகத் தெரிவது உச்சியில்தான், கையை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று மூளைக்கு முன்கூட்டியே தகவல் போகிறது. பென்சிலை நிறுத்திப் பார்க்கச் சொன்னால் முடியாது, அது சீக்கிரம் விழுந்துவிடும். நீளமான கட்டை மெதுவாகச் சாய்வதால் மூளைக்கு அவகாசம் கிடைக்கிறது. பினாங்கு சிங்கே ஊர்வலத்தில் 20 அடிக்கும் உயரமான கொடிமரத்தை நெற்றியில் நிறுத்தி நடப்பவர்கள் முகத்தை வானத்துக்குத் தூக்கி வைத்திருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். எங்கே பார்க்கிறார்கள் என்று அடுத்த முறை கவனிக்கச் சொல்லுங்கள்.

கண்ணும் காதும் ஒன்றுக்கொன்று மாறாகச் சொன்னால் என்ன ஆகும்? பாலிக் புலாவ் மலைப்பாதையில் பின்சீட்டில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டு வந்த பிள்ளையைக் கேளுங்கள். கண் திரையைப் பார்த்து "அசையவில்லை" என்கிறது. காது ஒவ்வொரு வளைவிலும் "திரும்புகிறோம்" என்கிறது. மூளைக்கு எதை நம்புவது என்று தெரியாமல் வயிறு புரட்டுகிறது. கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்க்கச் சொன்னால் கண்ணும் காதும் ஒரே கதையைச் சொல்லத் தொடங்கும்.

படி 5: இப்போது மூளை

பிள்ளை தன் இரண்டு கைகளையும் முஷ்டி பிடித்து ஒன்றாகச் சேர்த்தால், ஏறக்குறைய மூளையின் வடிவம் புரியும். அதன் பிறகு படத்தைக் காட்டலாம். ஆனால் இடங்களைச் சொந்தத் தலையிலேயே தொட்டுக் காட்டுவது மேல்.

ஹேர்பேண்ட் போடும் இடம்: ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காதுவரை. அதற்கு அடியில் இருக்கும் பட்டைதான் "கையைத் தூக்கு, காலை வை" என்று கட்டளை இடுகிறது. இடது பக்கம் வலது கையை ஆளும், வலது பக்கம் இடது கையை ஆளும். கட்டளை நரம்புகள் கழுத்துக்கு மேலேயே குறுக்காகக் கடந்துவிடுகின்றன. இதில் கைவிரலுக்கும் முகத்துக்கும் வாய்க்கும் ஒதுக்கிய இடம் பெரியது, முதுகுக்கு ஒதுக்கியது சிறியது. பென்சில் பிடிக்கவும் பேசவும் அவ்வளவு நுட்பம் வேண்டியிருக்கிறது.

பின்னந்தலை, பிடரிக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்கள். அங்கே இருப்பது சிறுமூளை. என் வகுப்பில் 'குட்டி மூளை' என்போம். எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறக்குறைய 6,900 கோடி அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளுக்கு விரலால் காட்டுங்கள்: பத்து விரலில் எட்டு விரல் குட்டி மூளையில்!

அது என்ன செய்கிறது? கட்டளையும் நடந்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் திருத்துகிறது. இதை நடித்துக் காட்டினால்தான் புரியும். ஒரு பிள்ளை 'உடம்பு', கண்ணைத் துணியால் கட்டிவிடுங்கள். ஹேர்பேண்ட் போட்ட பிள்ளை 'கட்டளை'. அது கண்ணை மூடிக்கொண்டு "நட", "நில்", "குனி", "எடு" மட்டும் சொல்லலாம். வகுப்பின் மறுமுனையில் ஒரு கூடை, அதற்குள் ஒரு பந்து. முதல் சுற்றில் இவர்கள் இருவர் மட்டும். உடம்பு நடக்கும், குனியும், ஆனால் கூடை ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அடுத்த சுற்றில் மூன்றாவது பிள்ளையைச் சேருங்கள். அது குட்டி மூளை, பின்னாலேயே வந்து "கொஞ்சம் இடது", "மெதுவா", "போதும்" என்று காதில் சொல்லும். பந்து கைக்கு வந்துவிடும். முதல் சுற்றிலும் உடம்பு அசையத்தான் செய்தது, நேர்த்தி மட்டும் இல்லை என்பதை எடுத்துச் சொல்லுங்கள். சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களுக்கும் அப்படித்தான். கை கால் செயலிழந்துவிடுவதில்லை, நடை தள்ளாடும், டம்ளரை எடுக்கப்போன கை குறி தவறும்.

ஐந்தடிப் பாதையில் நடந்ததை இப்போது மறுபடி நடித்துப் பாருங்கள். கால் எதிர்பார்த்த இடத்தில் தரை இல்லை என்று 'கால்' சொல்கிறது, தலை முன்னால் சாய்கிறது என்று 'காது' சொல்கிறது. மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டும் குட்டி மூளையும் சேர்ந்து, நாம் யோசிப்பதற்கு முன்பே கையை விரித்து, காலை எட்டி வைத்துவிடுகின்றன. "ஐயோ" என்று நாம் நினைப்பது எல்லாம் முடிந்த பிறகுதான்.

படி 6: ஏழு நாள் தே தாரிக்

மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றுகிறவர், வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே ஒரு கை நீளத்துக்கு இழுத்து ஆற்றுவார், ஒரு சொட்டு சிந்தாது. பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அதை வீட்டில் பச்சைத் தண்ணீரில் பழகலாம்.

இரண்டு பிளாஸ்டிக் குவளை, கீழே ஓர் அகலமான பேசின், குளியலறைத் தரை. ஒரு குவளையில் பாதித் தண்ணீர். ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிப் பிடிக்க வேண்டும். பத்து முறை. பேசினில் சிந்திய தண்ணீரை ஒரு வெற்றுப் பாட்டிலில் ஊற்றி, மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு "திங்கள்" என்று எழுதுங்கள். மறுநாள் அதேபோல் "செவ்வாய்". ஞாயிறு வரும்போது கோடுகள் கீழே இறங்கியிருப்பதைப் பிள்ளையே பார்க்கும். ஒருநாள் கோடு மேலே ஏறியிருந்தாலும் அப்படியே எழுதுங்கள், அழிக்க வேண்டாம்.

ஒவ்வொரு முறை சிந்தும்போதும் குட்டி மூளைக்கு ஒரு தகவல் கிடைக்கிறது: "நினைத்த இடம் இது, விழுந்த இடம் அது." அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் அடுத்த முறைக்கான அசைவை அது மாற்றிக்கொள்கிறது. சிந்தாமல் இருந்தால் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஆகவே சிந்தும்போது "பார்த்து ஊத்து" என்று சொல்லாதீர்கள். "எந்தப் பக்கம் சிந்துச்சு?" என்று கேளுங்கள். ஐந்தாங்கல் ஆடத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது, அரிசி நிரப்பித் தைத்த ஐந்து துணிப்பைகளே போதும்.

கற்றுக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டியவை

போட்டியாக்காதீர்கள். ஒற்றைக் காலில் யார் அதிக நேரம் என்று பரிசு வைத்தால், தடுமாறும் பிள்ளை மறுநாளே ஒதுங்கிக்கொள்ளும். நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிட்டால் போதும். "இடது மூளைக்காரன் கணக்கில் கெட்டி, வலது மூளைக்காரன் ஓவியன்" என்ற பேச்சையும் வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். ஆரோக்கியமான பிள்ளை இரண்டு பக்கத்தையும் சேர்த்தேதான் பயன்படுத்துகிறது.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் மனம் வலிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் நாற்காலியில் இடிப்பான், வரிசையில் தடுக்கி விழுவான், கூப்பிட்டால் திரும்பமாட்டான். மூன்று மாதம் "கவனமா நட, கவனமா கேளு" என்று கண்டித்துக்கொண்டே இருந்தேன். அவன் அம்மா மருத்துவரிடம் காட்டியபோது, இரண்டு செவிப்பறைக்கும் பின்னால் நீர் கோத்திருந்தது தெரிந்தது. அது கேட்கும் திறனையும் சமநிலையையும் சேர்த்தே குறைக்கக்கூடியது. சிகிச்சைக்குப் பிறகு அவன் நடையே மாறிவிட்டது. கவனித்திருக்க வேண்டியவள் நான். அடிக்கடி விழும் பிள்ளையைப் பார்த்தால் இப்போது முதலில் காதையும் கண்ணையும் பரிசோதிக்கச் சொல்கிறேன்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. நன்றாக நடந்த பிள்ளை திடீரென்று தள்ளாடுவது, செய்யத் தெரிந்ததை மறப்பது, ஒரு பக்கக் கை கால் மட்டும் பலவீனமாவது, தலையை எப்போதும் ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருப்பது, காலையில் தலைவலியோடு வாந்தி எடுப்பது. இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

கடைசி நாள்: பெர்ரி

முடிந்தால் பட்டர்வொர்த் பெர்ரியில் ஏற்றிக் கூட்டிப் போங்கள். கப்பல் கிளம்பும்போது பிள்ளைகளின் காலைப் பாருங்கள். யாரும் சொல்லாமலே கால்கள் அகன்று நிற்கும், முழங்கால் லேசாக மடங்கும். "இப்போ யார் வேலை செய்யுறா?" என்று கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் கத்தினார்கள்: "கண், காது, கால்!" ஒரு சிறுமி மட்டும் பேசாமல் பின்னந்தலையில் கை வைத்துக் காட்டினாள்.

இறங்கித் தரையில் நடக்கும்போது, "டீச்சர், இன்னும் ஆடுது" என்றார்கள் சிலர். ஆடும் கப்பலுக்கு ஏற்ப மூளை தன்னைத் திருத்திக்கொண்டதால், தரைக்கு வந்ததும் மறுபடி திருத்திக்கொள்ளச் சிறிது நேரம் வேண்டியிருக்கிறது என்று சொன்னேன்.

பானைக் கடையில் தடுமாறிய பையன் திரும்பும் வழியில் கேட்டான்: "டீச்சர், நான் தூங்கும்போது யார் என்னைப் பிடிச்சுக்குவா?" பஸ்ஸில் தூங்கும்போது தலை பொத்தென்று தோளில் விழுகிறதே, அப்போது கழுத்துத் தசைகளுக்கு மூளை ஓய்வு கொடுத்துவிட்டது, மூச்சு விடுவதை மட்டும் அது நிறுத்துவதே இல்லை என்றேன். கேட்டுக்கொண்டான். மறுநாள் காலையில் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். உள்ளே பஞ்சுக்கு நடுவில் இரண்டு வெள்ளைக் கல். நேற்று ராத்திரி பாட்டி வைத்த குழம்பில் இருந்து எடுத்தது என்றான்.